எண்ணிப் பார்க்க வந்தவள்

வெள்ளைத் துணியை நீளவாக்கில் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு அன்பரசி அப்படியே நின்றுவிட்டாள். கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியாகிவிட்டது. தாடைக்கும் கட்டுப் போட்டாயிற்று. கைவிரலைக் கட்டப் போன இடத்தில்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. அவள் அம்மா செல்லம்மாவுக்கு வலது கையில் எல்லோரையும் போல ஒரு கட்டைவிரல். இடது கையில் இரண்டு. பிறவியிலேயே அடியில் ஒன்றாக ஒட்டி, மேலே கிளை பிரிந்து, தனித்தனி நகத்தோடு இருந்தன.

“எதடீ கட்றது?” என்று தம்பி பெண்டாட்டியைப் பார்த்துக் கேட்டாள்.

ஜெஸ்ஸி மாமியாரின் நெற்றியில் காசை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

“ரெண்டையும் சேத்தே கட்டுங்க அண்ணி. ஒண்ண வுட்டா அத்த எழுந்து சண்டைக்கு வரும்.”

சொன்ன பிறகுதான் எங்கே, எப்போது சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. கூடம் முழுக்கப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரமாக யாரோ மூக்கால் சிரித்தார்கள். அது பக்கத்தில் இருந்தவளுக்குத் தொற்றி, வாசல்வரை போயிற்று. அன்பரசியும் சிரித்தாள். கண்ணீர் தாடையில் வழிய வழிய, சிரித்துக்கொண்டே மூன்று கட்டைவிரல்களையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள்.

செல்லம்மா காலை ஆறரை மணிக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள். டீ குடித்தாள். சர்க்கரை கம்மி என்று ஒரு குறை சொன்னாள். தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். ஜெஸ்ஸி துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள் தலை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. அவ்வளவுதான். எழுபது வயது, ஒரு நாள்கூடப் படுக்கையில் கிடக்கவில்லை, ஒருவர் கையையும் எதிர்பார்க்கவில்லை. சதுரங்கப்பட்டினத்தில் அந்தத் தெரு கூடி நின்று இது கல்யாணச் சாவுதான் என்று முடிவு செய்தது. மேளம் ஒரு செட்டு போதாது, இரண்டு சொல்லிவிடு என்று மகன் கேசவனிடம் சொன்னார்கள். அவனுக்கும் அதுதான் சரி என்று பட்டது. அவன் அம்மா சத்தமில்லாமல் எதையும் செய்தவளில்லை.

சின்ன வயதில் ஊரார் நிலத்தில் நாற்று நட்டவள். பிறகு இருபத்திரண்டு வருஷம் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டின் சமையல்கட்டில் காய் நறுக்கினாள். பதினொரு விரலால் நறுக்குவதால்தான் இந்த வேகம் என்று அங்கே பேச்சு. அந்த விரலைப் பற்றி அவளுக்கு வெட்கம் இருந்த காலமும் உண்டு. கல்யாணப் போட்டோவில் இடது கையை முந்தானைக்குள் வைத்திருப்பாள். ரேஷன் கடை மிஷின் வந்தபோதுதான் அந்த வெட்கம் போயிற்று. ஒரு கட்டைவிரல் ரேகை விழாத அன்றைக்கு இன்னொன்றை வைப்பாள். வரிசையில் நிற்கும் மற்றவர்களைத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரில் உள்ள பழைய கோட்டைக்குப் பின்னால் கடலோரம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு அலை வந்து அவளுடைய ஒற்றைச் செருப்பை இழுத்துக்கொண்டு போனது. செல்லம்மா இடுப்பில் கைவைத்துக் கடலைப் பார்த்து நின்றாள். “ஒத்தச் செருப்ப வச்சிகினு நீ இன்னாடா பண்ணுவே? இந்தா, இதையும் எடுத்துக்கோ” என்று மற்றொன்றையும் கழற்றி வீசினாள். கேளம்பாக்கத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் ஜெஸ்ஸி, அன்றைக்கு விடுமுறையாக இருந்ததால் கூடவே வந்திருந்தாள். அதை போனில் பிடித்து இன்ஸ்டாவில் போட்டாள். மூன்று நாளில் ஒன்பது லட்சம் பேர் பார்த்தார்கள்.

நான்காம் நாள் ஒருவன் அந்தப் படத்தை நிறுத்தி, செல்லம்மாவின் இடது கையைச் சிவப்பால் வட்டமிட்டு, ஆறு விரல் இருக்கிறது பாருங்கள், இது ஏஐ என்று எழுதினான். கம்ப்யூட்டர் வரையும் ஆட்களுக்குக் கைவிரல் கணக்குத் தப்பும் என்பது எல்லோரும் கேள்விப்பட்டிருந்த விஷயம். அதோடு தீர்ந்தது. செல்லம்மா என்று ஒருத்தி இல்லை என்று உலகம் முடிவு கட்டிவிட்டது. அடுத்தடுத்து எந்த வீடியோ போட்டாலும் கீழே வந்து விரலை எண்ணினார்கள்.

ஜெஸ்ஸிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆதார் கார்டைப் படம் பிடித்துப் போடுகிறேன் என்று நின்றாள். செல்லம்மா விடவில்லை.

“நான் கீறேன்னு நானே சொல்லிகினு திரியணுமா? எண்ணட்டும் வுடு. அப்பிடியாவது கணக்கு கத்துக்கட்டும்.”

அன்றிலிருந்து ஒவ்வொரு வீடியோவிலும் இடது கையைக் கேமராவுக்கு நேரே கொண்டுவந்து ஆட்டிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தாள்.

அதே சமயத்தில் ஸ்வாதி என்று ஒரு பெண் இன்ஸ்டாவில் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தாள். மாமல்லபுரம் கடற்கரையில் நின்று பேசுவாள், அவ்வளவு காற்றிலும் ஒரு மயிரிழை கலையாது. என்ன ஷாம்பு போடுறீங்க அக்கா என்று ஆயிரம் பேர் கேட்பார்கள். கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று நூறு பேர் எழுதுவார்கள். அவள் கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனி கம்ப்யூட்டரில் செய்த பெண். பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அதை யாரும் படிக்கவில்லை.

செல்லம்மாவை நம்பாதவர்களில் முதல் இடம் செங்கல்பட்டு மார்க்கெட் தெருவில் ஜாக்கெட் தைக்கும் ஒரு பெண்ணுக்கு. சம்சாத் டெய்லர்ஸ் என்ற பெயரில், எந்த வீடியோவானாலும் முதல் ஆளாக வந்து ‘ஏஐ, நம்பாதீங்க’ என்று எழுதுவாள். நிஜமான ஆளாக இருந்தால் நாளைக்கு மஞ்சள் புடவையில் வரட்டும் என்றாள். செல்லம்மா மஞ்சள் புடவையில் வந்தாள். கலர் மாற்றுவது கம்ப்யூட்டருக்கு ஒரு நிமிஷ வேலை என்றாள் டெய்லர். இன்னொரு நாள், ஜாக்கெட் தோளில் சுருக்கு விழுகிறது, பாவம் கம்ப்யூட்டருக்குத் தைக்கத் தெரியவில்லை என்று எழுதினாள். அதுதான் செல்லம்மாவைச் சுட்டது. அது செல்லம்மா தன் கையாலேயே தைத்த ஜாக்கெட். இவளுக்கு மட்டும் நான்தான் பதில் சொல்வேன் என்று, எழுதத் தெரியாததால், பேசி அனுப்புவது எப்படி என்று ஜெஸ்ஸியிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாள். மத்தியானங்களில் ஜெஸ்ஸி வேலைக்குப் போன பிறகு தன்னுடைய போனை எடுத்து வைத்துக்கொண்டு என்னென்னவோ பேசி அனுப்புவாள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால் சொல்லமாட்டாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் அந்தக் கேளம்பாக்கம் கம்பெனியிலிருந்து பார்த்திபன் என்பவர் வீட்டுக்கே வந்தார். மரியாதையான மனிதர், தரையில் உட்கார்ந்து டீ குடித்தார். வயதான காலத்தில் நீங்கள் வெயிலில் நின்று பேச வேண்டாம், உங்களைப் போலவே கம்ப்யூட்டரில் ஒரு செல்லம்மா செய்துவிடலாம், அவள் என்றென்றைக்கும் பேசிக்கொண்டிருப்பாள் என்றார். மாதிரிக்கு ஒன்று செய்து கொண்டுவந்ததை போனில் காட்டினார். அதே முகம், அதே வெள்ளை முடி. செல்லம்மா போனைக் கிட்டே வாங்கிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“இவளுக்கு ஏன் அஞ்சு வெரலு?”

பார்த்திபன் கொஞ்சம் நெளிந்தார். “ஆறு விரல் இருந்தா ஏஐன்னு கண்டுபிடிச்சிருவாங்கம்மா. அதான் சரி பண்ணிட்டோம்.”

செல்லம்மா சிரித்த சிரிப்பில் விக்கலே வந்துவிட்டது. ஜெஸ்ஸி முதுகைத் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது. அவரைக் கோபிக்கவில்லை. இன்னொரு டீ கொடுத்து, நான் இருக்கும்வரை நானே பேசிக்கொள்கிறேன், செத்த பிறகு என் பிள்ளையைக் கேட்டுக்கொள் என்று அனுப்பிவைத்தாள்.

பிள்ளையைக் கேட்கும் அந்த நாள் இப்போது வந்துவிட்டது.

காலை எட்டு மணிக்கு ஜெஸ்ஸி, செல்லம்மாவின் படத்தைப் போட்டு, எங்கள் அத்தை இன்று காலை இறந்துவிட்டார், சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம் என்று ஊர்பேரோடு எழுதியிருந்தாள். பத்து மணிக்குப் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து திறந்து பார்த்தாள். ஆறுதல் சொன்னவர்கள் நிறையப் பேர். ஆனால் அவள் கண் மற்றதில்தான் போய் விழுந்தது. ஏஐக்கும் சாவு உண்டா? கம்பெனியை மூடிட்டாங்களா? அடுத்த கேரக்டர் எப்போ? காலையிலிருந்து கண் கலங்காதவள் அந்தக் கல்லில் உட்கார்ந்து விசும்பினாள். செத்ததைக்கூட நம்பாவிட்டால் ஒரு மனுஷி வாழ்ந்ததற்கு என்னதான் மரியாதை என்று இருந்தது.

மத்தியானம் பார்த்திபன் பெரிய ரோஜா மாலையோடு வந்தார். நிஜமாகவே முகம் வாடியிருந்தார். மாலையைப் போட்டுவிட்டுக் கேசவனைப் பந்தல் ஓரமாக அழைத்துப்போய் மெல்லப் பேசினார். ஜெஸ்ஸி தண்ணீர்ச் சொம்போடு போனபோது, கேசவன் அவருடைய போனைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தான். அதில் வெள்ளை முடியோடு அவன் அம்மா சிரித்தாள். “கண்ணுங்களா, அம்மா எங்கியும் போவல. ஒங்க கூடவேதான் கீறேன்.”

கேசவன் கல்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். வாய் ஓயாதவன். இப்போது அதையே மறுபடி மறுபடி ஓட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“கொரலு அப்பிடியே கீது இல்ல?” என்றான் அவளிடம்.

இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. குரல் அப்படியேதான் இருந்தது. பார்த்திபன் அந்தச் செல்லம்மாவைப் பேசவைக்க நினைத்த இன்ஸ்டா பக்கத்தின் பாஸ்வேர்டு அவளிடம் இருந்தது. அதைத் தரமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அம்மாவை இழந்து ஆறு மணி நேரம்தான் ஆகியிருந்த ஒருவனிடம் எப்படிச் சொல்வது? அண்ணியையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். எடுப்பதற்குள் சொல்கிறேன் என்று கேசவன் பார்த்திபனிடம் சொல்வது காதில் விழுந்தது.

இரண்டு மணி இருக்கும். கறுப்பு பர்தா போட்ட ஒரு அம்மாள் தெருமுனையில் வழி கேட்டுக்கொண்டு வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கனத்த உடம்பு. திருக்கழுக்குன்றம் வழியாக இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு மூச்சில் தெரிந்தது. நேரே உள்ளே வந்து செல்லம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு துணிக்கட்டோடு இருந்த இடது கையைத் தொட்டு ஒவ்வொரு விரலாக எண்ணினாள். அவள் முணுமுணுத்து எண்ணுவது எல்லோருக்கும் கேட்டது. ஆறு. மறுபடி சுண்டுவிரலிலிருந்து தொடங்கினாள். மறுபடியும் ஆறு.

“பாவி, சொன்ன மாதிரியே கீறே” என்றாள் செல்லம்மாவிடம்.

ஜெஸ்ஸி பக்கத்தில் போய் உட்கார்ந்து யார் நீங்கள் என்று கேட்டாள்.

“சம்சாத் பேகம். செங்கல்பட்டு. டெய்லரு.”

அன்பரசி வாயில் கைவைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் அந்தப் பெயர் தெரியாதவர்கள் இல்லை. ஜெஸ்ஸிக்குக் காலையிலிருந்து அடக்கிவைத்த கோபம் முழுவதும் ஒரே ஆள் மேல் இறங்கப் பார்த்தது.

“இப்பவாவது நம்புறீங்களாம்மா?” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது.

சம்சாத் பேகம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது. ஆனால் வாயோரத்தில் சிரிப்பும் இருந்தது.

“எப்பவோ தெரியும்மா எனக்கு. கம்ப்யூட்டரு இப்பிடியா வாய்க்கு வந்தபடி திட்டும்? நெஜம்னு ஒத்துகினா அப்பால பேசறதுக்கு இன்னா கீது? தெனம் மத்தியானம் நான் ஏஐன்னு போடுவேன். அவ திட்டி அனுப்புவா. மிஷினுல உக்காந்து அதக் கேட்டுகினேதான் நான் தைப்பேன். வந்து எண்ணிட்டுப் போடின்னு எத்தினி தபா கூப்ட்டா தெரியுமா? பண்டிக ஆர்டரு முடியட்டும், முடியட்டும்னு தள்ளிகினே போயிட்டேன்.”

கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். செல்லம்மா பேசி அனுப்பியதில் ஒன்றைக்கூட அவள் அழிக்கவில்லை. முந்நூறுக்குமேல் இருந்தது. ஒன்றை அழுத்தினாள்.

முதலில் ஒரு இருமல். பின்னால் எங்கேயோ ஒரு சேவல். மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு, படுத்திருக்கிறவளின் குரல் கூடத்தை நிறைத்தது.

“ஏ டெய்லரு, கேட்டுக்கோ. எஞ் ஜாக்கெட்டுல சுருக்கு கீதுன்னியே, சுருக்கு ஜாக்கெட்டுல இல்லடி, ஒங் கண்ணுல. இரு, இரு. இந்தக் கேசவம்பய வண்டியக் குறுக்கால நிறுத்திட்டுப் போயிட்டான். நாலு பேரு வர்ற வழின்னு அறிவு கீதா? மாடாட்டம் வளந்து கீறான், ஒரு தபா சொன்னா மண்டயில ஏறல. எதுக்குக் கோவமா போனான்னு தெரியல, காலையில சாப்புடாம வேற போயிட்டான், வயிறு காஞ்சிகினு கெடப்பான். ஆங், இன்னா சொல்லிகினு இருந்தேன்?”

கூடம் வெடித்துச் சிரித்தது. அன்பரசி ஜெஸ்ஸியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். தன் பெயரைக் கேட்டுக் கேசவன் பந்தலிலிருந்து ஓடிவந்து நிலைப்படியில் நின்றான்.

“இன்னொரு தபா போடுங்கம்மா” என்றான்.

சம்சாத் பேகம் போட்டாள். மறுபடியும் கேட்டான், மறுபடியும் போட்டாள். மூன்றாம் முறை மாடாட்டம் என்ற இடம் வந்தபோது அவனும் சிரித்துவிட்டான். தோள்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு பார்த்திபனிடம் போனான். ஜெஸ்ஸி வாசல்வரை வந்து நின்றாள்.

“வேணாம் சார். ஒங்களுது நல்லாத்தான் பேசுது. ஆனா ரொம்ப நேரம் கேட்டுகினு இருந்தேன், என்னிய ஒரு வார்த்தகூட திட்டல.”

பார்த்திபன் தலையாட்டினார். போனை எடுத்து, கேசவன் பார்க்கவே அந்த மாதிரியை அழித்தார். அவர் உடனே கிளம்பிவிடுவார் என்று ஜெஸ்ஸி நினைத்தாள். அவர் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பூ வண்டிக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்தவர்களோடு போய் நின்று நார் எடுத்துக் கொடுத்தார்.

உள்ளே சம்சாத் பேகம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி, செல்லம்மாவின் படத்துக்குக் கீழே எழுதினாள். நான் நேரில் வந்து எண்ணிவிட்டேன், ஆறு விரல்தான், நிஜமான பொம்பளை, இனிமேல் யாராவது ஏதாவது சொன்னீர்கள் என்றால் செங்கல்பட்டு மார்க்கெட் தெருவுக்கு வாருங்கள் என்று எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. பெண்கள் சுற்றி உட்கார்ந்து காத்திருந்தார்கள். பதில் ஒரு நிமிஷத்தில் வந்தது. ஜெஸ்ஸி அதைச் சத்தமாகப் படித்தாள்.

“அக்கா, நீங்களும் ஏஐயா?”

சம்சாத் பேகம் செத்தவளின் பக்கத்தில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “பாத்தியாடி, என்னையும் இல்லன்னுட்டானுங்க” என்று செல்லம்மாவிடமே சொன்னாள். ஜெஸ்ஸியும் சிரித்தாள். காலையில் துவைக்கும் கல்லில் அவளை அழவைத்த வார்த்தைகளெல்லாம் அந்தப் போனில் அப்படியேதான் இருந்தன. இப்போது அவை ஊர்க் குழந்தைகள் கத்துகிற சத்தம் மாதிரி எங்கோ தூரத்தில் இருந்தன.

நாலு மணிக்கு எடுத்தார்கள். இரண்டு செட்டு மேளம் தெருவின் இரண்டு முனையிலிருந்து வந்து வாசலில் மோதிக்கொண்டது. யார் அடி பெரிசு என்று அவர்களுக்குள் போட்டி. கேசவன் வண்டிக்கு முன்னால் ஆடினான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, புழுதி கிளம்ப ஆடினான். அன்பரசி ஆடினாள். பட்டாசுச் சரம் வெடித்த புகைக்குள் பார்த்திபன் தெரியாத்தனமாகக் கையைத் தூக்கி இரண்டு அடி போட்டதை ஜெஸ்ஸி பார்த்தாள். இதை வீடியோ எடும்மா என்று யாரோ கத்தினார்கள். அவளுடைய இரண்டு கையிலும் பூ இருந்தது. அள்ளி அள்ளி வீசினாள். தெருமுனையில் பெண்கள் நின்றுகொண்டார்கள். வண்டி கடற்பக்கமாகத் திரும்பி, மேளச் சத்தம் சவுக்குத்தோப்புக்குள் போய்த் தேயும்வரை நின்றார்கள்.

வீடு கழுவ வேண்டியிருந்தது. நீங்கள் கிளம்புங்கள், பஸ் போய்விடும் என்று ஜெஸ்ஸி சொல்லிப் பார்த்தாள். சம்சாத் பேகம் பர்தாவைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள். அன்பரசி குடம் குடமாகக் கொட்ட, அவள் தண்ணீரை வாசலுக்குத் தள்ளினாள். தள்ளிக்கொண்டே, தரை மட்டம் சரியில்லை, மூலையில் தண்ணீர் நிற்கிறது, கொத்தனார் ஏமாற்றியிருக்கிறான் என்று குறை சொன்னாள். பிறகு எதிர்வீட்டிலிருந்து சாம்பார் சாதம் வந்தது. மூன்று பேரும் ஒரே பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காலையிலிருந்து அவர்கள் வாயில் போட்ட முதல் சோறு அது. இரண்டாம் தடவை போட்டுக்கொள்ள யாருக்கும் வெட்கமாக இல்லை.

கேசவன் குளித்து, ஈர வேட்டியோடு திரும்பி வந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. கழுவிய தரை இன்னும் முழுக்கக் காயவில்லை. செல்லம்மாவைக் கிடத்தியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் பாயை விரித்து, கையைத் தலைக்கு வைத்து, அந்த அம்மாள் நல்ல தூக்கத்தில் இருந்தாள். லேசாகக் குறட்டை கேட்டது. அவன் வாசலிலேயே நின்றான்.

“ஊருக்குப் போவலியா இவங்க?”

“கடைசி பஸ்ஸு ஏழரைக்கித்தான். கொஞ்சம் கண்ணசரட்டும்” என்றாள் ஜெஸ்ஸி.

அவன் ஈரத்தில் வழுக்காமல் மெல்ல நடந்து போய், மூலையில் ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனைத் தூக்கி, பாயின் பக்கமாகத் திருப்பி வைத்தான்.